உக்கிராணக்காரரின் பிடியரிசி

உக்கிராணக்காரன் என்றால் உக்கிரமானவன் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நாங்கள் என்றால், தாராவியில் எங்கள் தகரக்கூரை ஜெபவீட்டுக்கு ஞாயிறுதோறும் வந்த திருநெல்வேலிச் சனங்கள். வேதத்தில் அந்த வார்த்தை வரும்போதெல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டு ஒருவர் என் மனதில் வந்து நிற்பார். யாரும் அர்த்தம் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் சபை மூப்பரையும் 'சபை உக்கிராணக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அவர் நிஜமாகவே உக்கிரமான ஆள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாங்கள் குடியிருந்த வரிசையில் எட்டு அறைகள். எட்டும் அவருடையவை. ஜெபவீடு நின்ற இடமும் அவருடையதுதான். சேறாகக் கிடந்த நிலத்தை அந்தக் காலத்திலேயே மண் கொட்டி மேடாக்கியவர் அவர் என்பார்கள். எங்கள் யாரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவர் 'இரு' என்றால் இருக்கலாம், 'போ' என்றால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. இடுப்பில் ஏழு மாதப் பெண்குழந்தை. வீட்டுக்காரருக்கு மாட்டுங்காவில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, மூப்பர் பெயரைக் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார் என்பதைத் தவிர.

அறுபதுகளின் பின்பாதி அது. பயப்படுவதற்குக் காரணம் தேடவேண்டிய காலமில்லை. 'மதராசி' என்று தெருவில் யாராவது கத்தினால் நடையை எட்டிப் போடுவோம். லோக்கல் ரயிலில் தமிழில் பேசுகிறபோது குரல் தானாக இறங்கிவிடும். தமிழ்ப் பலகை வைத்திருந்த கடைக்காரர்கள் அதைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டார்கள். வெளியே போய் வேறு அறை கேட்டால், "மதராசி? கோலி நஹி ஹை" என்று அறை இல்லையெனக் கதவைச் சாத்துவார்கள். ஆக அந்த அறை போனால் தலைக்கு மேல் கூரை போயிற்று. நான் காலையில் கண் விழிக்கும்போது முதலில் நினைப்பது அதைத்தான்.

எங்கள் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். அது ஆண்டவருக்கு. பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை டப்பாவை ஜெபவீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய டிரம்மில் கொட்டுவோம். டிரம் மூப்பர் வீட்டில் பூட்டிய அறையில் இருக்கும். முன்பெல்லாம் அதை ஏலம் விட்டு, வரும் பணத்தைச் சபைக்கு வைப்பார்கள். அந்த வருஷங்களில் அரிசிப் பஞ்சம் வந்தது. ரேஷனில் கிடைப்பதோ கல்லும் உமியும். மாதம் ஒருமுறை வந்துபோகும் எங்கள் பாதிரியார் ஐயர், ஏலம் வேண்டாம், ரேஷன் கார்டு இல்லாத வீடுகளுக்கு அரிசியாகவே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் எங்கள் வயிற்றில் ஒரு பிடி குறைத்துத்தான் போட்டோம். ஆண்டவருக்கு என்றால் கை சுருங்காது.

கார்டு இல்லாதவர்களில் ஒருத்தி எங்கள் வரிசையின் கடைசி வீட்டு அக்கா. ஊரிலிருந்து புதிதாக வந்தவள், இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கேயே தங்கிவிட்டு வாரம் ஒருநாள் வருவான். முதலில் அவளுக்கு வாரம் ஒரு படி பிடியரிசி கிடைத்தது. பிறகு அரைப்படி ஆனது. பிறகு ஒன்றுமில்லை. "யாரும் முன்ன மாதிரி போடலையாம்ல, டிரம்மு காலியா கெடக்குன்னு அண்ணாச்சி சொல்லுதாவ" என்று என்னிடம் சொன்னாள். மூப்பரை நாங்கள் அண்ணாச்சி என்போம். நான் போடுகிறேனே, எதிர்வீட்டுக்காரி போடுகிறாளே, பிறகு எப்படிக் காலியாகும் என்று எனக்கு உறுத்தியது. உறுத்தியதோடு சரி. கேட்கிற தைரியம் ஏது?

நான் மாட்டுங்காவில் ஒரு மாமிக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். பாலக்காட்டுக் குடும்பம், இரண்டாவது மாடி. உள்ளே போகிற வழக்கம் இல்லை. வாசலை ஒட்டிய நடையில் உட்கார்ந்து அளவெடுத்துக்கொண்டு வருவேன். அன்று மாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "உக்ராணத்துல மொறத்துல அரிசி வெச்சிருக்கேன், எடுத்துண்டு வாடி!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூணூல் போட்ட வீட்டில் எங்கள் வேத வார்த்தைக்கு என்ன வேலை?

காலேஜ் படிக்கிற மகள் உள்ளேயிருந்து கேட்டாள். "உக்ராணமா? க்யா ஹை வோ?"

"ராமா! சாமான் வெக்கற உள்ளுடி. தமிழும் போச்சு, மலையாளமும் போச்சு."

"ஸ்டோர் ரூம்னு சொல்லேன்மா" என்று அந்தப் பெண் முறத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டோர் ரூம்! இத்தனை வருஷம் நாங்கள் நடுங்கிய உக்கிராணக்காரன் ஸ்டோர் ரூமுக்குச் சாவி வைத்திருக்கிற ஆள். முதலாளிகூட இல்லை. அந்தச் சிரிப்போடு முறத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பாரேன் இந்தக் கூத்தை" என்று மாமி அரிசியைத் துழாவினார். "ஒரு மணி சேப்பு, ஒரு மணி வெளுப்பு. புழுங்கல், பச்சை, நொய்யி, எல்லாம் கலந்துன்னா கெடக்கு! நீயே சொல்லு, எத்தனை கொதி விட்டா இது ஒண்ணா வேகும்?"

உலகத்தில் எந்தக் கடைக்காரனும் அப்படி அரிசி விற்கமாட்டான். நாற்பது வீட்டுப் பானையிலிருந்து ஒவ்வொரு பிடியாக வந்தால்தான் அரிசி அப்படி இருக்கும். சிவப்பு மணி எங்கள் எதிர்வீட்டுக்காரி போடுவது. அவளுக்கு ஊரிலிருந்து வரும். நொய் என்னுடையது.

"யாரு குடுக்கா மாமி?" என்று கேட்டேன்.

"பிளாக்தான், வேற என்ன? ரேஷன் அரிசி வாயில வெக்க வழங்கலையே. தாராவிலேந்து ஒரு இட்லிக்காரன் வரான். தூக்குல மேல இட்லி, அடியில அரிசி. நீயும் அங்கதானே இருக்காய், உனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வரிசையிலிருந்து இட்லித் தூக்கோடு மாட்டுங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் மூப்பரிடம் வேலை பார்ப்பவர்கள். கோயில் பூனை சாமிக்கு அஞ்சாது என்று சும்மாவா சொன்னார்கள்? நான் ஊசியைக் கீழே போட்டுவிட்டுத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். முகத்தை மாமி பார்த்துவிடக் கூடாதே என்று பயம்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முதலில் செய்தது கதவைச் சாத்தியதுதான்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? தவள தன் வாயால கெடும். இத இன்னொரு தடவ சொல்லாத."

"அந்த அக்கா பிள்ளைகளுக்குக் கஞ்சி கூட இல்லங்க. நம்ம போட்ட அரிசிங்க."

"நம்ம பிள்ளைக்குக் கூர வேண்டாமா? மழ வரப்போவுது. இவள இடுப்புல வச்சிக்கிட்டு எங்க போய் நிப்ப, சொல்லு."

அவர் சொன்னது அத்தனையும் உண்மைதான். அதனால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

எங்கள் ஜெபவீட்டில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். கூலிக்காரனும் சொல்லலாம், எழுத்து தெரியாத பெண்பிள்ளையும் சொல்லலாம். சாட்சி சொல்லும்போது குறுக்கே பேசக் கூடாது. ஐயர் கூடப் பேசமாட்டார். வாரம் முழுவதும் வாயைத் திறக்காத பெண்களுக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் சொந்தம். நீட்டிக்கொண்டே போகிறவர்களை நிறுத்த ஒரே வழி, யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்துவிடுவது. உடனே டோலக் சேரும், சபை சேரும், பேசியவர் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். எங்கள் சபைக்கு டோலக் வாசித்தவர் என் வீட்டுக்காரர்.

அந்த ஞாயிறு நான் எழுந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் எழுந்தேன். எதிரே ஒரே ஒரு நாற்காலி, அதில் மூப்பர். வெள்ளைச் சட்டை, மடியில் வேதம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு தாயி என்பதுபோல. "இம்மட்டும் காத்து நடத்தின ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். புடவைக்குள் வேர்வை ஆறாக ஓடியது. பின்னால் உட்கார்ந்திருந்த கடைசி வீட்டு அக்கா, என் தோளைத் தட்டி மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு அம்பர்நாத் போனாள். அந்தப் பக்கம் அரிசி கிடைக்கும். ஆனால் பம்பாய்க்குள் கொண்டுவரக் கூடாது, பிடிப்பார்கள். பெண்கள் நீளத் துணிப்பை தைத்து, அரிசியை அடைத்து, இடுப்பில் சுற்றிக்கொண்டு மேலே புடவை கட்டி வருவார்கள். அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தவளே நான்தான். போகாதே, அண்ணாச்சியிடம் உன் அரிசி இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தையல் பிரியாமல் இருக்கட்டும் என்று இரட்டை நூல் போட்டுக் கொடுத்தேன்.

மத்தியானம் வரவேண்டியவள் பொழுது சாயும்போதுதான் வந்தாள். வெறுங்கை. வந்து என் வாசலில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் மடியில் ஏறியபோதும் தொடவில்லை.

"ரயில்ல பிடிச்சிட்டானுவ" என்றாள். "பிளாட்பாரத்துல எறக்கி, அவுத்துக் காட்டுன்னான். பொம்பளப் போலீசு இல்ல. அம்புட்டுப் பேரு முன்னாலயும் இடுப்ப அவுத்து அரிசியக் கொட்டுனேன். தெரண்டு நின்னு பாத்தானுவ. மதராசி, மதராசின்னு சிரிச்சானுவ."

அழக்கூட இல்லை. நான் உள்ளே போய் என் டப்பாவிலிருந்த அந்த வாரத்துப் பிடியரிசியை அவள் முந்தானையில் கொட்டினேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறந்திருந்தால் இவள் அந்த ரயிலில் ஏறியிருக்கமாட்டாள். இதை யார் எப்படிப் பூசி மெழுகினாலும் உண்மை அதுதான்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். போகும் வழியெல்லாம் டோலக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். "பிள்ளைய நெனச்சுக்கோட்டி" என்று மட்டும் ஒருதடவை சொன்னார்.

சாட்சி நேரம் வந்தது. எழுந்தேன். பயம் போகவில்லை, அதை யாரும் தப்பாக நினைக்கவேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் நாற்காலி தெரியாதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஸ்தோத்திரம். உக்கிராணம்னா என்னன்னு மாட்டுங்காவுல ஒரு வீட்டுல தெரிஞ்சுக்கிட்டேன். சாமான் வைக்கிற ரூமு. அம்புட்டுத்தான். உக்கிராணக்காரருன்னா அந்த ரூமுக்குச் சாவி வச்சிருக்கவரு. சாவிதான் அவருக்கு. சாமான் வீட்டு எசமானுக்கு. நம்ம என்னமோ உக்கிரமானவருன்னு நெனச்சுப் பயந்துகிட்டு இருந்தோம்."

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அந்த வீட்டு மொறத்துல நம்ம பிடியரிசி கெடந்துச்சு."

அவ்வளவுதான். மூப்பர் பாட்டை எடுத்துவிட்டார். கணீரென்ற குரல். கூடவே முன்வரிசையில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். சரி, முடிந்தது, இனி டோலக் விழும், நான் உட்கார வேண்டியதுதான் என்று நின்றேன். டோலக் விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு உள்ளங்கையையும் தோலின் மேல் வைத்தபடி, குனிந்து உட்கார்ந்திருந்தார். மூப்பர் அவரையே பார்த்துக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினார். அவர் அசையவில்லை. தாளம் இல்லாமல் எங்கள் சனத்துக்குப் பாட வராது. ஒருவர் முன்னால் ஓட, ஒருவர் பின்னால் இழுக்க, இரண்டாவது அடியிலேயே பாட்டு தடுமாறி நின்றுவிட்டது.

"கடைசி வீட்டு அக்காவுக்குச் சேரவேண்டிய அரிசி அது" என்றேன். "அது கெடைக்காமத்தான் அவ பிளாட்பாரத்துல அப்படி நின்னா. போன வாரமே எனக்குத் தெரியும். வீடு போயிருமேன்னு பயந்து சொல்லல. அந்தப் பாவத்தையும் சேத்துத்தான் சொல்லுதேன். ஸ்தோத்திரம்."

மூப்பர் முடிவு ஜெபம் பண்ணினார். நாக்கை அடக்காத பெண்கள் குடும்பத்தை எப்படி அழிப்பார்கள் என்று ஆண்டவரிடம் நெடுநேரம் முறையிட்டார். ஜெபத்தில் குறுக்கே பேசும் வழக்கமும் எங்களுக்கு இல்லை.

திங்கட்கிழமை காலையில் வாசலில் அவர் குரல். வந்தவர் சத்தம் போடவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தாயி, உம்மேல எனக்கு வருத்தம் இல்ல. அரிசிய வித்தது கோயில் கூரைக்குத்தான். உனக்கு அது தெரியாது, போவட்டும். இந்த எடம் கர்த்தர் எனக்குக் கொடுத்தது. எங்கிட்டருந்து எடுத்தா அது களவு. எடம் என்னதுன்னா, அதுல யாரு இருக்கணும், என்ன பேசணும்னு நாந்தான சொல்லணும்? வாற ஞாயித்துக்கெழம எந்திச்சு, தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு. வீடு உங்களுக்குத்தான்."

சொல்லிவிடத்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், "சரி அண்ணாச்சி" என்பது நாக்கு நுனியில் நின்றது. குழந்தை இடுப்பில் இருந்தாள், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றிருந்தார். பேசவில்லை. இந்த மனுஷன் நேற்று சபை முழுக்கப் பார்க்க, மூப்பர் முகத்துக்கு நேரே, எனக்காக டோலக்கைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தாரே, இவரை வைத்துக்கொண்டு நான் போய்ப் பல்லைக் காட்டி மன்னிப்புக் கேட்பதா என்று தோன்றியது.

"மாட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"அப்பம் மழைக்கு முன்னால காலி பண்ணிருங்க" என்றார். போகும்போது குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்து ஐயர் வந்தபோது பெண்கள் எல்லாரும் போய் நின்றார்கள். கூரையைக் காட்டுங்கள், எந்தத் தகரம் புதுசு என்று எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். ஐயர் டிரம்மின் சாவியை வாங்கி இரண்டு பெண்களிடம் கொடுத்தார். கடைசி வீட்டு அக்காவுக்கு மறுபடி வாரம் ஒரு படி கிடைத்தது. எங்கள் அறையைப் பற்றிக் கேட்டபோது ஐயர் முகம் வாடிவிட்டது. "பிடியரிசி சபையோடது, கேக்கலாம். வீடு அவர் சொத்தும்மா. அதுல நான் என்னன்னு சொல்ல?" என்றார். அவரும் என்ன செய்வார், பாவம்.

மழை தொடங்கி மூன்றாம் நாள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போனோம். பட்டறைக் கூட்டாளி ஒருவர் தன் அறையில் பாதியைக் கொடுத்தார். நடுவில் ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சுவர் ஓரமாகத் தண்ணீர் ஊறும். குழந்தைக்குச் சளி விடவேயில்லை. ஒவ்வொரு முறை அவள் இருமும்போதும் என் ஈரக்குலை நடுங்கும். ஆனாலும் ஒரு பெருமை இருந்தது எனக்கு. ஒருநாள் மத்தியானம் கூட்டாளியின் பெண்சாதியிடம் அந்த டோலக் கதையை அளந்துகொண்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் பார்க்கத்தான் பசு, ஆனா தைரியம் வந்தா ஒருத்தரு நிக்க முடியாது என்று.

அவள் எழுந்து போனதும், குழந்தையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தவர் நின்றார்.

"தைரியமா? ஏட்டி, நீ எந்திச்சப்பவே எனக்குக் கை ரெண்டும் வெறச்சுப் போச்சு. தட்டணும்னுதான் பாத்தேன். அண்ணாச்சி என்னையே மொறச்சிக்கிட்டு இருந்தாவ. பயத்துல கை எந்திக்கவே இல்ல."

"அப்பம் திங்கக்கெழம அவரு வந்தப்பம் ஏன் சும்மா நின்னிய? சொல்லிருட்டின்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"நீ சரின்னு சொல்லப்போறன்னுதான் நெனச்சேன். நீ என்னடான்னா மாட்டேன்னுட்ட. இம்புட்டுத் தைரியமா நிக்காளே, இவகிட்டப் போய் என்னத்தச் சொல்லன்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஈரத்துணியை அவர் மேல் வீசினேன். குழந்தை சிரித்தாள். திங்கட்கிழமைக்கு முன்னால் இதை அவர் சொல்லியிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த அறையிலேயே நனையாமல் இருந்திருப்போம், கடைசி வீட்டு அக்கா எதிரே வரும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு.